பின்னால் எதுவும் ஒட்டாத எண்

என் கணக்கு டியூஷன் சென்டருக்கு 73939133 என்று பெயர் வைத்தேன். சங்கரன்கோவிலில் வேறு யாருக்கும் வராத புத்தி என்று ஆளாளுக்குச் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டுங்கள், 7393913 வரும். அதுவும் பகா எண். வெட்டிக்கொண்டே போங்கள், ஏழு மட்டும் மிஞ்சுகிறவரை அப்படித்தான். நான் வேலை பார்த்த பள்ளியில், பொம்பளைக்கு எதற்குப் பெரிய கணக்கு என்று முதலில் பன்னிரண்டாம் வகுப்பைப் பிடுங்கினார்கள். அப்புறம் பத்தாம் வகுப்பை. கடைசியில் வேலையையே. வெட்ட வெட்ட உடையாத ஒன்று எனக்கு வேண்டியிருந்தது.

அறை பரமசிவன் அண்ணாச்சியுடையது. கீழே அவருடைய விசைத்தறிகள், மாடியில் நான். காதைப் பிளக்கும் இரைச்சல்தான், ஆனால் வேறு யாரும் எனக்கு இடம் தரவில்லை. இதுவும் போனால் என் பிள்ளைகளை எங்கே உட்காரவைப்பேன்?

அண்ணாச்சிக்கு நியூமராலஜிப் பைத்தியம். தன் பெயரிலேயே இங்கிலீஷில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டவர். பெயிண்டர் முத்துமணி தெருப்பக்கச் சுவரில் எண்ணை எழுதி முடித்ததும், அண்ணாச்சி ஒற்றை இலக்கம் வரும்வரை விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். இரண்டு வருகிறதாம், விளங்காதாம், கட்டடத்துக்கே ஆகாதாம்.

"பின்னால ஒரு ஏழு போடுங்க டீச்சர். என் ராசி நம்பர். கூட்டுனா ஒன்பது வரும், அம்சமா இருக்கும்."

"ஒன்பது வரும் அண்ணாச்சி. அதனாலயே ஒன்பதால வகுபட்டுப் போவும். ஏழுன்னு இல்ல, இதுக்குப் பின்னால எந்த இலக்கத்த ஒட்டுனாலும் இது பகா எண்ணா நிக்காது. நான் போட மாட்டேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. சுவரில் இருப்பதை அழித்துவிடு என்று முத்துமணியிடமும், அறையைக் காலி செய்யுங்கள் என்று என்னிடமும் சொன்னார். ஆனாலும் நான் கெஞ்சவில்லை.

ஏணி வலது ஓரத்தில் நின்றது. முத்துமணி அங்கிருந்தே வெள்ளையடிக்கத் தொடங்கினார். கடைசி மூன்று போயிற்று.

"இப்பவும் பகா எண்தான்" என்றேன் உரக்க.

அடுத்த மூன்று போயிற்று. மறுபடியும் சொன்னேன். ஒன்று போனபோது தெருவில் நின்ற என் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். ஒவ்வோர் இலக்கம் மறையும்போதும் தறிச் சத்தத்தை மீறி அவர்கள் குரல் கேட்டது. சுவரில் ஏழு மட்டும் மிஞ்சியது. முத்துமணி பிரஷ்ஷை அதன் பக்கம் கொண்டுபோனார்.

"வே முத்துமணி, நிறுத்தும்" என்றார் அண்ணாச்சி. "ஏழு கெடக்கட்டும்."

தன் ராசி நம்பர் தனியாக, பெரிதாக நிற்பதை ரசித்துப் பார்த்தார். இனி யோகந்தான், நாளைக்கே வகுப்பை ஆரம்பியுங்கள் என்று சொல்லிவிட்டு, ஜெயித்த மிதப்பில் உள்ளே போனார்.

நாளை வரை எனக்குப் பொறுக்கவில்லை. பிள்ளைகளை அப்போதே மாடிக்குக் கூப்பிட்டேன். கரும்பலகையில் ஏழு எழுதினேன்.

"மக்கா, இதுக்குப் பின்னால மூணு போடுங்க."