காவலாளிக்கு ஞாபகமில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பொய்யை மறைக்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சல்வடோர் நகரத்தில், கடலைப் பார்த்த பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் வாசல் காவலாளி நான். பெயர் ஆர்லிண்டோ. வாசல் மேசையிலேயே பதின்வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு காதல் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முதல் வரி: ‘இசடோரா, ஒன்பதாம் மாடி, வெள்ளைப் பெண், வயது பதினாறு. காதலன் இவானில்டோ, மலைமேட்டுக் குடிசைப்பகுதி, கறுப்பன், வயது பதினேழு.’ இது நாவலா, போலீஸ் குறிப்பா? அடித்தாயிற்று.

இன்னொன்று: ‘அவன் சிரித்தால் அவளுக்கு’

வேண்டாம். அவன் சிரித்து நான் பார்த்து ஏழு மாதம் ஆகிறது.

2

ஏழு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மதியம் மூன்று மணிக்கு இவானில்டோ அவளைப் பார்க்க வந்தான். கையில் சுடச்சுட அகராஜே வடைப் பொட்டலம். எங்கள் கட்டடத்தில் முன்பக்க லிஃப்ட் வீட்டுக்காரர்களுக்கும் விருந்தாளிகளுக்கும். பின்பக்கத்தது வேலைக்காரர்களுக்கும் நாய்களுக்கும்.

“தம்பி, பின்னாடி லிஃப்ட்டுல போயிடுப்பா. எதுக்கு வம்பு?” என்றேன்.

“நீங்களுமா அண்ணே?” என்று சிரித்தான். ஆனாலும் போனான்.

(நானும் கறுப்பன்தான். இதை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்ததைக் கவனித்திருப்பீர்கள்.)

3

அதே மூன்று மணிக்குத் தெருமுனையில் எவனோ ஒரு பெண்ணின் கைப்பேசியைப் பறித்துக்கொண்டு ஓடினான். கறுப்புப் பையன், மஞ்சள் சட்டை என்றாள் அவள். மாலையில் மஞ்சள் சட்டையோடு இறங்கி வந்த இவானில்டோவைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது.

முன்பக்க லிஃப்ட்டில் காமிரா உண்டு. அதில் ஏறியிருந்தால் நேரத்தோடு முகம் பதிந்திருக்கும். பின்பக்கத்தில் காமிரா கிடையாது. என்னோடுதான் இருந்தான் என்று இசடோரா அழுதுகொண்டே சொன்னாள். காதல் கிறுக்கு என்று அவள் அப்பாவே போலீஸிடம் சொல்லிவிட்டார்.

மிச்சம் சாட்சி நான் ஒருவன். ஏன் பின்பக்கம் அனுப்பினாய் என்று கேட்பார்களே! தோலைப் பார்த்து லிஃப்ட் பிரிப்பது சட்டப்படி குற்றம். கட்டட நிர்வாகி என்னைக் கூப்பிட்டு, வாயைத் திறந்தால் வேலையும் போகும், வழக்கும் உன் தலையில்தான் விடியும் என்றார். ‘ஞாபகமில்லை’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பையன் இப்போது சிறுவர் சிறையில் இருக்கிறான்.

4

இந்த நாவலில் எனக்கே நம்பிக்கை வராத பாத்திரம் அந்தக் காவலாளி. அவனைக் கிழவனாக்கிப் பார்த்தேன். காது கேட்காதவனாக்கினேன். ஓர் அத்தியாயத்தில் ஊருக்கே அனுப்பிவிட்டேன். எப்படியும் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், பாவி.

முடிவு அ: காவலாளி உண்மையைச் சொல்கிறான், காதலர்கள் கடற்கரையில் கைகோத்து நடக்கிறார்கள். (தூ.)

முடிவு ஆ: அவன் வெளியே வரும்போது இசடோரா

இந்த இடத்தில் அவளே மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். என்ன எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். உங்கள் இருவர் கதைதான் என்றேன்.

“கதையில நீங்க சாட்சி சொல்றீங்களா, அண்ணா?”

நான் பேனாவை மூடி வைத்தேன்.

“வியாழக்கிழமை மறுவிசாரணை. மூணு மணிக்கு வந்தான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

5

‘வியாழக்கிழமை காவலாளி நீதிமன்றம் போனான்’ என்று எழுதினேன். அடித்தேன். ‘போகவில்லை’ என்று எழுதினேன். அதை அடிக்கக் கை வரவில்லை. வெட்கமாக இருக்கிறது.

இன்று செவ்வாய். உங்களிடம் பேனா இருந்தால் நீங்களாவது அதை அடித்துவிடுங்கள்.