கூப்பிட்ட குரலுக்கு

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பன்றி நகராது. லாரியைக் கண்டால் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றுவிடும். கோம்பையில் சுரேஷ்கண்ணன் வைத்திருந்த பண்ணையில் போன தடவை இரும்புக் கம்பியால் அடித்துத்தான் ஏற்றினார்கள். ஒன்றுக்கு இடுப்பு ஒடிந்தது. அதில் அவருக்குக் கவலையில்லை. கறியெல்லாம் ரத்தம் கட்டியிருக்கிறதென்று குமுளிக்கு அப்பாலிருந்து கறிக்கடைக்காரன் திட்டினான் பாருங்கள், அதுதான் அவருக்கு வலித்தது.

"ஏத்தா முனீஸ்வரி, தெனமும் தீவனம் போடுறவ நீதான? நீ கூப்புட்டா வரும்ல?"

"ஒருத்தரும் கம்பியத் தொடக் கூடாது முதலாளி. அப்பத்தேன் கூப்புடுவேன்."

சரி என்றார். முந்தின நாளே தீவனத்தை நிறுத்தியிருந்தார்கள். முனீஸ்வரி லாரியில் ஏறி, சாய்த்து வைத்த பலகையின் உச்சியில் நின்று, "வாங்க சாமி, வாங்க" என்றாள். குட்டியிலிருந்து கேட்ட குரல். பசியில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஏறின. திரும்பக்கூட இடமில்லாமல் அடைத்தார்கள். குடிக்கத் தண்ணீர் வைக்கச் சொன்னாள்.

"வெட்டப்போறதுக்கு எதுக்குக்கா தண்ணி?" என்று டிரைவர் கருத்தக்கண்ணன் சிரித்தான்.

இருந்தாலும் ஓர் அடிகூட விழவில்லை. அதில் அந்தப் பாவி மகளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மத்தியானம் கறி வெட்டுகிற இடத்திலிருந்து கருத்தக்கண்ணன் போன் பண்ணினான். பின்னால் ஒரே அலறல். கம்பி விழுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"யக்கா, இங்கன வந்து ஒரு எட்டு நகர மாட்டேங்குது. இவிங்க அடிச்சே கொன்டுருவாய்ங்க போல. ஸ்பீக்கர்ல போடுறேன், ஒரு வாட்டி கூப்புடுங்க."

வண்டியிலிருந்து இறக்கத்தான் என்று நினைத்தாள். அடி நின்றால் போதும் அவளுக்கு.

"வாங்க சாமி, வாங்க."

அடி நின்றது. சிமெண்டுத் தரையில் குளம்புகள் ஓடிவந்தன. போனுக்குப் பக்கத்திலேயே ஓர் உறுமல், சோறு கேட்கிற உறுமல். அடுத்து சுத்தியல் விழுந்தது. எதையோ தரதரவென்று இழுத்துப்போனார்கள்.

முனீஸ்வரி கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள்.

"நிறுத்தாதீக யக்கா! மிச்சமெல்லாம் வாசல்ல நிக்குது. நீங்க நிறுத்துனா இவென் கம்பிய எடுத்துருவான்."

சொல்லி வாய் மூடுமுன் எடுத்துவிட்டான். ஒன்று பிள்ளை வீறிடுவதைப் போல வீறிட்டது.

முனீஸ்வரி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். குரல் நடுங்கினால் பன்றி நம்பாது. எச்சிலை விழுங்கி, தொண்டையைச் செருமி, கொஞ்சுகிற குரலை வரவழைத்துக்கொண்டு, கடைசிப் பன்றி வந்து சேரும்வரை கூப்பிட்டாள்.