பங்கர் வாயில் கதிரை

அன்று பின்னேரம் நாலு மணிக்குள் ஜெஸ்லியா ஒரு போரை வரைந்தாக வேண்டும். சிறுவர் சஞ்சிகையின் ஆசிரியர் பெனடிக்ற் ஏற்கெனவே மூன்று படங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். இரத்தம் கூடாது, துவக்கு கூடாது, பிள்ளைகள் பயந்து அலறக்கூடாது, ஆனால் பொய்யும் கூடாது. உப்பில்லாமல் கருவாடு போடச் சொன்னால் எப்படி? இதுவும் சரிவராவிட்டால் அந்தப் பக்கம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

அவளோ போரைக் கண்ணால் கண்டதில்லை. குடும்பம் மன்னார்த் தீவிலிருந்து துரத்தப்பட்ட பிறகு புத்தளத்து முகாமில் பிறந்தவள். அதனால் மன்னாரில் பஸ் ஏறி, வெள்ளாங்குளத்தில் சீவரத்தினம் வீட்டுக்கு வந்து, கொப்பியை மடியில் விரித்து, எல்லோரிடமும் கேட்பதையே கேட்டாள். செல் குண்டு வந்தபோது எதைத் தூக்கிக்கொண்டு ஓடினீர்கள்?

"காணி உறுதி," என்றார் சீவரத்தினம், நெஞ்சை நிமிர்த்தி. "இந்தக் கையில உறுதி, அந்தக் கையில மனிசி. கீறுங்கோ, பிள்ளை."

ஜெஸ்லியா கீறினாள். படத்தில் மனிதர் தேர்தல் சுவரொட்டி போல நின்றார்.

தேத்தண்ணியோடு வந்த அவர் மனைவி இராசேஸ்வரி எட்டிப் பார்த்தாள். "ஆரிந்த வீரன்? இந்த மனிசன் தூக்கினது கதிரையை!"

"நீர் சும்மா இரும்."

"இருக்கமாட்டன். சின்னப் பிள்ளையள் படிக்கிற புத்தகத்தில புளுகக்கூடாது. உறுதி றங்குப்பெட்டிக்குள்ள கிடந்தது. என்னையும் விட்டிட்டு, கதிரையைத் தலையில வைச்சுக்கொண்டு ஓடினவர்."

'கதிரைச் சீவரத்தினம்' என்றுதான் ஊர் இன்றும் கூப்பிடுகிறது. பதினேழு வருஷம் பொறுத்த மனிதர், பாவம், பொங்கிவிட்டார்.

"அவளுக்கு அப்ப எட்டு மாதம், பிள்ளை! எங்கட மகள் வேணுஜா வயித்தில. நிலத்தில குந்தினா எழும்ப ஏலாது. அதுக்குத்தான் தூக்கினனான்!"

இராசேஸ்வரி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். "அதை அப்பவே சொல்லியிருக்கலாமே? ஆனா கதிரை பங்கர் வாயில இறுகிப்போச்சு. இவர் உள்ளுக்குத் தள்ள, நான் வெளியால இழுக்க, மேலால செல் கூவிக்கொண்டு போகுது. அந்த நேரமும் சண்டை!"

ஜெஸ்லியா உறுதியை அழித்தாள். மண்ணுக்குள் வெட்டிய பங்கரின் வாயில் நாலு காலும் மேலே தூக்கிய கதிரை. ஒரு பக்கம் சாரத்தை மடித்துக் கட்டிய சீவரத்தினம். மறுபக்கம் பெரிய வயிற்றோடு இராசேஸ்வரி. கீறக் கீற அவளுக்கே சிரிப்பு அடங்கவில்லை. இரத்தமில்லை, துவக்கில்லை, பொய்யுமில்லை. நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கப் போனில் படமெடுத்து அனுப்பினாள்.

பெனடிக்ற் உடனே அழைத்தார். "இது போகலாம், தங்கச்சி! ஆனா பிறகு எப்பிடி உள்ள போனவை எண்டு பிள்ளையள் கேட்பினம். கேட்டு எழுதுங்கோ."

கேட்டாள்.

"உள்ள போகேல்லை," என்றாள் இராசேஸ்வரி. "கதிரையை அப்பிடியே விட்டிட்டுப் பக்கத்து வீட்டுப் பங்கருக்கு ஓடினம். அடுத்த செல் எங்கட பங்கருக்குள்ளதான் விழுந்தது."

ஜெஸ்லியாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்ப அந்தக் கதிரை?"

சீவரத்தினம் குனிந்து, அவள் இருந்த கதிரையின் கம்பி சுற்றிய காலை ஆட்டிப் பார்த்தார். அவள் பதறி எழும்பப் போனாள்.

"பயப்பிடாதேங்கோ, பிள்ளை, இருங்கோ. அது தாங்கும்."