முப்பது தீர்ப்பவர்களும் நாலாம் மாடி லிஃப்டும்

எங்கள் இணையதளத்தில் எல்லோரும் தீர்ப்பவர்கள். நான் மட்டும் கேட்பவர்.

தளத்தின் பெயர் 'மெய்தானா'. கைபேசிக்குக் கைபேசி தாவும் செய்திகளைப் பலரும் சேர்ந்து ஆராய்ந்து, உண்மையா பொய்யா என்று சொல்வது அதன் வேலை. அதில் நாலு படிகள். அடியில் வாசகர். அவர் படிக்கலாம், பெருமூச்சு விடலாம், எழுத முடியாது. அடுத்தவர் கேட்பவர். சம்பந்தப்பட்ட ஆளுக்குத் தளத்தின் பெயரால் கேள்வி அனுப்பும் உரிமை அவருக்கு மட்டும்தான். அதற்கு மேல் தீர்ப்பவர். ஆதாரம் சேர்த்துவிட்டு உண்மை, பொய், பாதி என்ற மூன்று பொத்தான்களில் ஒன்றை அழுத்துவார். உச்சியில் நிர்வாகி. ஒருவரைப் படி ஏற்றும் உரிமை அவர் ஒருவர் கையில்.

அந்த ஒருவர் ஒரு மருந்துக்கடைக்காரர். நாங்கள் நிர்வாகி அக்கா என்போம். அவருக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வராது. ஒருவன் பிறந்தநாள் என்று வந்து நின்றான், ஏற்றிவிட்டார். இன்னொருத்தி வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றாள், ஏற்றிவிட்டார். மூன்றாமவன் காரணம் எதுவும் சொல்லாமல் முகத்தைத் தொங்கப்போட்டான், அவனையும் ஏற்றிவிட்டார். இப்படியே தீர்ப்பவர் படியில் முப்பது பேர் நெருக்கியடித்து நின்றார்கள்.

நான் மட்டும் ஏறவில்லை. தீர்ப்புச் சொன்னால் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டால் அந்த நாலு பேர் எனக்குப் பதில் சொல்ல வேண்டும். சோம்பேறிக்கு இதைவிடத் தோதான பதவி கிடைக்காது.

ஆரம்பத்திலேயே அக்கா ஒரு விதி வைத்திருந்தார். கேட்பவர் ஒரு கேள்வியாவது கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகுதான் தீர்ப்புப் பொத்தான்கள் கண் திறக்கும். எந்தச் செய்தி வந்தாலும் நான் ஒரு கேள்வியைத் தட்டிவிடுவேன். அதனால் மொத்த நீதி நிர்வாகமும் என் கட்டைவிரலில் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. மாமாவின் லிஃப்ட் வந்தபோதுதான் தெரிந்தது.

மாமா, அம்மாவின் தம்பி, லிஃப்ட் பராமரிப்பவர். அவர் பார்த்துக்கொள்ளும் ஆறு மாடிக் கட்டடத்தில் யாரோ ஒரு வீடியோ எடுத்திருந்தார்கள். காலை நேரம். கீழே இருக்கும் லிஃப்ட் ஆள் ஏறாமலே கதவைச் சாத்திக்கொள்கிறது. மெல்ல மேலே போய் நாலாவது மாடியில் நிற்கிறது. பிறகு யாருக்கோ காத்திருப்பதுபோல் சும்மாவே இருக்கிறது. கீழே இப்படி எழுதியிருந்தார்கள்: "கோளாறான லிஃப்ட்! பராமரிப்பவர் தூங்குகிறார்! உயிர் போகும் முன் பகிருங்கள்!" பகிர்ந்தார்கள். அம்மாவுக்கே மூன்று பேர் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் கூட்டம். மாமாவை வைத்துக்கொள்வதா வேறு ஆளைப் பார்ப்பதா என்று முடிவு செய்யப் போகிறார்கள். 'மெய்தானா' தீர்ப்பு வந்தால் அதன்படி நடப்போம், வராவிட்டால் வீடியோவே போதும் என்று சங்கத் தலைவர் சொல்லிவிட்டார். அன்று புதன்.

மாமா எங்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். வேலை போகப் போகிறவர் மாதிரியே இல்லை.

"ஏன் மாமா நாலாவது மாடிக்குப் போகுது?"

"யார் கேக்குறது? மருமகனா, மெய்தானாவா?"

"மருமகன்."

"அப்ப காபி எப்படி இருக்குன்னு கேளு, சொல்றேன்."

"மாமா, விளையாடாதீங்க. உங்க பொழைப்பு."

"டேய், உன்கிட்ட சொன்னா என்ன ஆகும்? மாமன் சொல்லிக் குடுத்தான், மருமகன் ஒப்பிச்சான்னு ஆகும். மூணாம் மனுஷன் யாராவது முறையா கேக்கட்டும். அந்த லிஃப்டப் பத்தி ஊரே பேசுது. என்கிட்ட ஒருத்தன், ஒரே ஒருத்தன், கேட்டானா?"

"தானா பேசுறவன்தானே நீ? இப்ப மட்டும் என்ன வந்துச்சு?" என்றாள் அம்மா அடுக்களையிலிருந்து.

"ஒருத்தருக்கு வாக்கு குடுத்திருக்கேன்க்கா. கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காம நானா போய் சொல்லவும் மாட்டேன்."

தளத்தில் அந்தச் செய்தியைத் திறந்ததும் வழக்கமான கட்டம் வந்தது: 'இதில் உங்களுக்கு உறவோ வரவோ உண்டா?' உண்டு என்று குறித்தேன். உடனே கேள்விப் பெட்டி சாம்பல் நிறமாகிப் பூட்டிக்கொண்டது. எட்டிப் பார்த்த மாமா, "குறிக்காம விட்டிருந்தா?" என்றார்.

"கண்டுபிடிச்சா தீர்ப்பே செல்லாது மாமா."

"பரவாயில்லையே, ஒழுங்காத்தான் வளத்திருக்கா எங்கக்கா," என்று சொல்லிவிட்டுக் காபியை முடித்தார்.

மறுநாள் மாலை மருந்துக்கடையின் பின்னறையில் கூடினோம். அட்டைப்பெட்டிகள்தான் நாற்காலிகள். நான் உட்கார்ந்திருந்த பெட்டியில் 'கவனம், உடையும்' என்று எழுதியிருந்தது. தீர்ப்பவர்களில் பத்துப் பேர் வந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்தியவன் ஆதாரம். சட்டக்கல்லூரி மாணவன். மழை பெய்கிறது என்றால்கூட 'ஆதாரம்?' என்பதால் அந்தப் பெயர்.

ஒருத்தி பூமியின் காந்தப்புலத்தைப் பற்றி ஒரு கட்டுரை கொண்டுவந்திருந்தாள். இன்னொருவர் லிஃப்ட் பிறந்த வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அதில் எங்கள் லிஃப்ட் இன்னும் பிறக்கவே இல்லை. காற்றழுத்தம் என்றார் ஒருவர், எலி என்றார் மற்றொருவர். எலிக்கு நாலாவது மாடியில் என்ன வேலை என்று விவாதம் போனது. கடைசியில் பொத்தானை அழுத்தலாம் என்று பார்த்தால் மூன்றும் கண் மூடிக் கிடந்தன.

"கேள்வி இல்லையாம்," என்றான் ஆதாரம். பத்துத் தலைகளும் என் பக்கம் திரும்பின. "கேளுடா."

"முடியாது. லிஃப்டு பாக்குறது எங்க மாமா."

"மாமான்னா?"

"அம்மாவோட தம்பி."

"ஆதாரம்?"

"மூக்கைப் பாரு," என்று கைபேசியில் மாமாவின் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டான்.

புதிதாக ஒருவரைக் கேட்பவராகச் சேர்க்கலாம்தான். ஆனால் ஒரு மாதம் வாசகராக ஊறிய பிறகுதான் அந்தப் படி கிடைக்கும். ஊறியவர்களை எல்லாம் அக்கா ஏற்கெனவே தீர்ப்பவர் ஆக்கிவிட்டார். ஒரே வழி, தீர்ப்பவர் ஒருவர் கேட்பவராக இறங்குவது. அவரவர் பக்கத்தின் மூலையில் 'படி இறங்கு' என்று ஒரு பொத்தான் உண்டு. யாரும் யாரையும் இறக்க முடியாது, தானாக இறங்கினால்தான் உண்டு. அந்தப் பொத்தானை இதுவரை யாரும் தொட்டதில்லை.

"யாராவது இறங்குங்களேன்," என்றார் அக்கா.

எல்லோருக்கும் கைபேசியில் ஏதோ அவசரம் வந்துவிட்டது. ஒருவர் தன் பெயரட்டையை எடுத்துக் காட்டினார். 'தீர்ப்பவர்' என்று பொன்னெழுத்தில் அச்சடித்திருந்தார்.

"அக்கா, எங்கம்மா பக்கத்து வீட்டுல எல்லாம் நான் நீதிபதின்னு சொல்லிட்டாங்க," என்றான் ஆதாரம். "இப்ப போய் இறங்கினா வீட்ட மாத்தணும்."

"நாளைக்கே உங்கள மறுபடி ஏத்திவிடுறேன்பா."

"இறங்குன பேரு இறங்குனதுதானேக்கா."

அப்போது முன்பக்கம் மணி அடித்தது. இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்திருந்தார். அக்கா எழுந்து போனார். கதவு திறந்திருந்ததால் எங்களுக்குக் கேட்டது.

"எப்ப வரும் இருமல்? பகல்லயா, படுத்தாவா?"

"படுத்தாதான்."

"எந்தப் பக்கம் படுத்தாலுமா? வீட்டுல வேற யாருக்காவது இருக்கா? இல்லையா? தலகாணி புதுசா வாங்கினீங்களா?"

"ஆமா! எப்படிம்மா தெரியும்?"

"தெரியாது, அதான் கேட்டேன். ரெண்டு நாள் பழைய தலகாணியில படுத்துப் பாருங்க. நிக்கலன்னா டாக்டரப் பாருங்க."

வந்தவர் மருந்து வாங்காமல் சந்தோஷமாகப் போனார். வியாபாரம் இப்படி நடந்தால் கடை எப்படி நடக்கும் என்று எனக்கு ஒரு கேள்வி வந்தது. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் வந்தது. நாளெல்லாம் கேள்வி கேட்டே வாழும் இந்த மனுஷி, தளத்தில் மட்டும் ஏன் யாரையும் எதுவும் கேட்பதில்லை?

அதே கேள்வி அவருக்கும் வந்திருக்க வேண்டும். உள்ளே வந்தவர் நின்றபடியே கைபேசியை எடுத்து எதையோ அழுத்தினார்.

"நான் இறங்கிட்டேன். ரெண்டு படி. வாங்க, கேக்கலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். ஆதாரமும் தட்டினான். பாதியில் அவன் கை நின்றது.

"அக்கா, உங்கள மறுபடி யாரு ஏத்துவா?"

"நிர்வாகிதான்."

"நிர்வாகி யாரு?"

அக்கா என்னைப் பார்த்தார், ஆதாரத்தைப் பார்த்தார், பிறகு அட்டைப்பெட்டிகளைக்கூடப் பார்த்தார். மெதுவாக அமர்ந்தார்.

"இனிமே யாரும் யாரையும் ஏத்த முடியாதா?"

"விதியையும் மாத்த முடியாது. அதுவும் நிர்வாகி வேலை," என்றான் ஆதாரம்.

பிறகு அக்கா, "சரி, அது கிடக்கட்டும்," என்று நிமிர்ந்தார். "என்ன கேக்கலாம்?"

"லிஃப்ட்ல கோளாறு உண்டா இல்லையான்னு கேளுங்க," என்றான் ஆதாரம்.

"இல்லன்னுதானே சொல்வாரு? தன் வேலையில கோளாறுன்னு யாருப்பா சொல்லுவா?" அவர் வேகமாகத் தட்டினார். "லிஃப்ட் ஏன் நாலாவது மாடிக்கு மட்டும் போகிறது? ஐந்தாவதுக்கு ஏன் போவதில்லை?"

முப்பது பேர் இரண்டு நாளாக லிஃப்ட் எப்படித் தானாகப் போகிறது என்று மண்டையைக் குடைந்தார்களே தவிர, ஏன் அந்த மாடி என்று எலியைத் தாண்டி ஒருவர்கூட யோசிக்கவில்லை.

அனுப்பிய வேகத்தில் என் கைபேசி அடித்தது. மாமா.

"யாருடா இது கேட்டது? கேள்வின்னா இதுதாண்டா கேள்வி!" காதிலிருந்து கைபேசியைத் தள்ளிப் பிடித்தேன். "இரு, எழுதுறேன். நீ ஒண்ணும் சொல்லாத, நீ சொந்தக்காரன்."

பதில் வந்தது. "சும்மா இருக்கும் லிஃப்ட் ஏதாவது ஒரு மாடியில் போய்க் காத்திருக்கும். எந்த மாடி என்று அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியில் சொல்லி வைக்கலாம். காலையில் நாலு என்று நான்தான் சொல்லி வைத்தேன். கோளாறு எதுவும் இல்லை. அப்படி வைக்கச் சொன்னவர் யார் என்று நான் சொல்வதாக இல்லை. நாலாவது மாடியில் கேட்டுப் பாருங்கள்."

"இது அவர் வாக்குமூலம். ஆதாரம் வேணும்," என்றான் ஆதாரம். இந்த முறை அவன் சொன்னது சரி. தன் வேலையைப் பற்றி மாமாவே சொன்னால் கூட்டத்தில் யார் நம்புவார்கள்?

"நாலாவது மாடியில யாரு இருக்கா?" என்று கேட்டார் அக்கா.

ஆதாரம் தேடிச் சொன்னான். அந்த மாடியில் ஒரே வீடு. குடியிருப்போர் சங்கச் செயலாளருடையது. சனிக்கிழமைக் கூட்டத்தைக் கூட்டியிருப்பவரும் அவரே.

அக்கா அவருக்கும் ஒரு கேள்வி அனுப்பினார். அதட்டலோ குற்றச்சாட்டோ இல்லை. "காலையில் உங்கள் வீட்டிலிருந்து லிஃப்டுக்காக நிற்பவர் யார்?"

வெள்ளிக்கிழமை பகல் முழுக்கப் பதில் இல்லை. கல்லூரி வகுப்பில் என்ன நடந்ததென்று என்னைக் கேட்காதீர்கள். மாலையில்தான் வந்தது.

"என் அப்பா. வாக்கர் பிடித்து நடக்கிறார். லிஃப்ட் வரும்வரை நிற்கக் கால் தாங்காது. நான்தான் சொல்லி வைக்கச் சொன்னேன். ஒரு வீட்டுக்கு மட்டும் சலுகையா என்று மற்றவர்கள் கேட்பார்களோ என்று, வெளியே சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். வீடியோ வந்த பிறகு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது கேட்டீர்கள்."

மாமாவின் பதிலிலேயே கண் திறந்திருந்த பொத்தான்கள் இதற்காகத்தான் காத்திருந்தன. முப்பது பேரும் ஒரே நேரத்தில் 'பொய்' அழுத்தியதில் தளம் மூச்சு முட்டி நின்று, பிறகுதான் தீர்ப்பைக் காட்டியது: "லிஃப்டில் கோளாறு என்பது பொய்."

சனிக்கிழமை மாமா வேலையோடு திரும்பி வந்தார். கூட்டத்தில் செயலாளர் எழுந்து எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டாராம். காலை வேளையில் லிஃப்ட் நாலிலேயே நிற்கட்டும் என்று எல்லோரும் சொன்னார்களாம். "ஆறாவது மாடிக்காரர் மட்டும் சாயங்காலம் எங்களுக்கு நிறுத்துவீங்களான்னு கேட்டாரு," என்றார் மாமா. "வீடியோ எடுத்ததே அவருதான்!"

அன்று மாலை மருந்துக்கடைக்குப் போனேன். பின்னறையில் ஆதாரம் நிர்வாகி இல்லாத தளத்துக்கு என்ன வழி என்று சட்டப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். அக்கா அடுத்த செய்தியைத் திறந்து வைத்திருந்தார். வெங்காயத்தை வெட்டி அறையில் வைத்தால் காய்ச்சல் போகுமாம்.

"யார் வீட்டு அறைன்னு முதல்ல கேக்கணும்," என்றார் என்னிடம், கண்ணெடுக்காமல்.

"அக்கா, உச்சியில இருந்து இறங்கினதுல உங்களுக்கு வருத்தமா?"

விரல் அந்தரத்தில் நின்றது.

"இத நீ கேக்கக் கூடாது," என்றார். "உறவு உண்டுன்னு குறி மொதல்ல."