இரண்டு பாதங்களும் இயல்பு

மகளுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று தெருவே சொல்லும். டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கிற ஜென்மங்களோடு நாள் முழுக்க மல்லுக்கட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனால் அன்று கிளினிக்கில் அவளுக்கு வந்தது அந்த ரகம் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது.

பக்கத்து நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். தொழிற்சாலை கேன்டீனில் தலைமைச் சமையல்காரர், எல்லோருக்கும் மாஸ்டர். பல வருஷத்துச் சர்க்கரை. முந்தின நாள் வேலை முடிந்து வந்து சாக்ஸைக் கழற்றினால், அது கட்டைவிரலோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. மகள்தான் தண்ணீர் விட்டு நனைத்து உரித்தாள். விரலின் அடிப்பக்கம் கறுத்துச் சீழ் பிடித்து, கிட்டே போக முடியாத நாற்றம். கழுவித் துணிக் கட்டுப் போட்டுவிட்டாள். ஷூவுக்குள் ஓர் ஆணி முனை கிளம்பி வாரக் கணக்காகக் குத்தியிருக்கிறது. மனிதருக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி செத்துப்போகும். குனிந்து பார்க்கலாம் என்றால் தொப்பை விடாது. தன் விரலடியை அவர் பார்த்து எத்தனையோ காலமாகிறது. அதனால்தான் டாக்டர் பார்க்க வேண்டும் என்பது. கிளினிக் சுவரிலேயே அதைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள்.

அடுப்புக்கு முன்னால் நின்றே பிழைக்கிற மனிதர். இந்தக் கால் தப்புமா? அந்த ஒரு கேள்விதான் மகளின் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது.

கிளினிக்கில் காகிதம் ஒழிந்து வெகு நாளாகிறது. டோக்கன், மாத்திரை, ரத்தப் பரிசோதனை எல்லாம் போனிலேயே வந்துவிடும். சும்மா சொல்லக்கூடாது, வசதிதான். அவளே நாலு பேரிடம் மெச்சியிருக்கிறாள். டோக்கனைக் காட்ட அப்பாவின் போனில் கிளினிக் ஆப்பைத் திறந்தவள், காத்திருந்த அலுப்பில், போன முறை டாக்டர் பதிந்த குறிப்பைத் தட்டினாள்.

‘இரண்டு பாதங்களும் பரிசோதிக்கப்பட்டன. தோல் இயல்பு. உணர்ச்சி இயல்பு.’

அதற்கு முந்தின முறையைத் தட்டினாள். அதே வரி. அதற்கும் முன்னால்? அட, அதே வரிதான்.

“அப்பா, டாக்டர் உன் கால பாத்தாரா?”

“பாத்திருப்பாரும்மா.”

“பாத்திருப்பாருன்னா? கால் உன்னோடதா, எதிர்வீட்டுக்காரனோடதா?”

“மெதுவா பேசு தாயே. நல்ல மனுஷன். பாவம், அந்தக் கம்ப்யூட்டரோட மாரடிச்சிக்கிட்டு இருக்காரு. உள்ள வந்து நீ எதையும் ஆரம்பிக்காத.”

“நான் எங்க ஆரம்பிக்கிறேன்? அவரு ஆரம்பிச்சு வெச்சத முடிக்கத்தான் போறேன்.”

டோக்கன் நம்பர் வந்தது. உள்ளே டாக்டர் திரையைப் பார்த்தபடியே வரவேற்றார். “வாங்க மாஸ்டர், சுகர் எப்படியிருக்கு?” கை விசைப்பலகையில் படபடவென்று ஓடியது. மாஸ்டர் இன்னும் சரியாக உட்காரக்கூட இல்லை. மகள் மேஜையைச் சுற்றிப் போய் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்றாள். டாக்டர் ஒரே ஒரு பட்டனை அமுக்கினார். இதயம், நுரையீரல், வயிறு, பாதம் என்று பக்கம் முழுக்கப் பச்சை டிக் விழுந்தது.

“இப்ப என்ன அமுக்கினீங்க டாக்டர்?”

“அது வழக்கமா போடறதும்மா. நீங்க அந்தப் பக்கம் வந்து உக்காருங்க.”

“கால பாத்துட்டீங்களா?”

“பாக்கலாம், பாக்கலாம். இத முடிச்சிடறேன்.”

அவ்வளவுதான். அவள் இந்தப் பக்கம் வந்து, குனிந்து அப்பாவின் செருப்பைக் கழற்றி, கட்டைப் பிரித்து, காலைத் தூக்கி மேஜைமேல் வைத்தாள். மேஜைமேல் என்றால், நேராக விசைப்பலகை மேலேயே. திரையில் கன்னாபின்னாவென்று எழுத்துகள் ஓடின. “அடியே, என்ன பண்றே!” என்று மாஸ்டர் பதறினார்.

டாக்டர் அப்போதுதான் பார்த்தார். நாற்றமும் அப்போதுதான் அவர் மூக்கில் ஏறியிருக்க வேண்டும். கையுறை மாட்டிக்கொண்டு விரலைச் சுற்றி அமுக்கினார். புறங்காலில் விரல் வைத்து, கண்ணை மூடி நாடியைத் தேடினார். வெகு நேரம் தேடினார். பிறகு எழுந்து போய், பெரிய ஆஸ்பத்திரியின் அறுவை மருத்துவருக்குத் தானே போன் போட்டார். இன்றைக்கே, இப்போதே என்றார். நர்ஸ் வந்து புதுக் கட்டுப் போட ஆரம்பித்தாள்.

“விரல் போயிடும்மா. பாதத்துல எவ்வளவு தூரம் ஏறியிருக்குன்னு திறந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்” என்றார் டாக்டர்.

“போன தடவையே பாத்திருந்தா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சின்னப் புண்ணா இருந்திருக்கும். ஆத்தியிருக்கலாம்.” பிறகு குரலை இறக்கி, “அந்தக் கட்டத்த நிரப்பலேன்னா அடுத்த பக்கத்துக்கே போக விடாதும்மா. வெளிய எத்தன பேர் உக்காந்திருக்காங்க, பாத்தீங்கல்ல? அதான் ‘எல்லாம் இயல்பு’ன்னு ஒரு பட்டன்…” என்றார்.

“கட்டத்த நிரப்பலேன்னா போகாது, கால பாக்கலேன்னா போகுமா? முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கறவங்கள பாத்திருக்கேன். நீங்க ஒரு மனுஷனோட காலையே மறைச்சிட்டீங்க! பாக்கலேன்னா பாக்கலேன்னு எழுதித் தொலைங்களேன். வேற எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருப்பேன். பாத்தாச்சுன்னு நீங்களே எழுதிட்டா அப்புறம் எவன் பாப்பான்?”

எதையாவது எடுத்து வீசிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

டாக்டருக்கும் ரோஷம் வந்துவிட்டது. “எல்லாத்தையும் என் தலையிலயே கட்டாதீங்க. மாஸ்டரும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. வாயத் திறக்கவே இல்லையே மனுஷன்!”

மாஸ்டர் நிமிர்ந்தார். இத்தனை நேரம் மகளின் முந்தானையைப் பிடித்து இழுத்து அடக்கிக்கொண்டிருந்த மனிதர்.

“சொல்லல டாக்டர். வாஸ்தவம்தான். ஆனா உங்க கை படப்போகுதேன்னு ஒவ்வொரு தடவையும் கால சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் வருவேன். இந்த நாற்காலியில உக்காந்ததும் ஷூவையும் சாக்ஸையும் கழட்டிடுவேன். மேஜைக்கு அடியில வெறுங்காலோட உக்காந்திருப்பேன். இப்ப பாப்பாரு, இப்ப பாப்பாருன்னு. நீங்க அந்தத் திரையப் பாத்தே ‘சரி மாஸ்டர், அடுத்த மாசம் வாங்க’ன்னுடுவீங்க. எனக்கு வெக்கமா போயிடும். யாருக்கும் தெரியாம மறுபடி மாட்டிக்கிட்டுப் போயிடுவேன்.”

மகள் குனிந்தாள். அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

சக்கர நாற்காலி வந்தது. மகள் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாம் போனில் தலையைக் கவிழ்த்திருந்தார்கள். “நிறுத்தும்மா” என்றார் மாஸ்டர். பிறகு, கேன்டீனில் நூறு பாத்திரச் சத்தத்தை மீறிக் கேட்கிற குரலை எடுத்துவிட்டார்.

“சுகர் இருக்கறவங்க எல்லாரும் கேட்டுக்குங்க! உள்ள போனதும் கால தூக்கி மேஜை மேல வைங்க. வெக்கப்படாதீங்க. நான் வெக்கப்பட்டுத்தான் இப்ப வெட்டிக்கப் போறேன்!”

எல்லாத் தலைகளும் நிமிர்ந்தன. வரவேற்பு மேஜைப் பெண் வாயில் விரல் வைத்து ‘உஷ்’ என்றாள். ஓர நாற்காலியில் ஒரு கனத்த மனிதர், போனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, மூச்சு வாங்கக் குனிந்து, ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.