முன்கால்

யார்மோவின் அடி செத்துவிட்டது என்று ஊரே பேசியது. வசந்தத்தோடு ஒப்பந்தம் முடிகிறது. கோல் போடாத ஐஸ் ஹாக்கிக்காரனை எந்த அணி வைத்துக்கொள்ளும்? மெர்விக்குப் பொறுக்கவில்லை. அவளும் பனித்தளத்தில் ஆடியவள்தான். புருஷனின் குறையை ஒரே பார்வையில் பிடித்துவிட்டாள்.

"வெறும் கை பலத்தாலயே அடிக்கிறே. இடுப்பைத் திருப்பு, மொத்த பாரத்தையும் முன்காலுக்குக் கொண்டா. அந்த இடது கால் என்ன, மாமியார் வீட்டுக்கு வந்த மாதிரி பட்டும் படாம நிக்குது?"

"உங்கம்மாவைப் பார்த்ததுலேருந்து அப்படித்தான்," என்றான்.

காலையில் அரங்கம் காலியாக இருக்கும்போது பழகினார்கள். சில வாரங்களில் அவன் அடித்த ரப்பர் வட்டு மோதித் தளத்தைச் சுற்றிய தடுப்புப் பலகை அதிர ஆரம்பித்தது. மெர்வி துள்ளிக் குதித்தாள். ஒவ்வொரு அடிக்கும் பிறகு அவன் மட்டையை ஊன்றிக்கொண்டு நின்றான். மூச்சு வாங்குகிறது போல என்று விட்டுவிட்டாள்.

பிறகு சனிக்கிழமைகளில் வீட்டு நீராவிக் குளியலறையான சவுனாவில் அவளோடு சேர்ந்து வேர்க்க உட்காருவதை நிறுத்தினான். "நீ முதல்ல போயிட்டு வா." கல்யாணமான நாளாக இல்லாத புது வழக்கம். படுக்கும்போதும் நீளக் கால்சட்டை, கேட்டால் குளிருகிறதாம். வேறு எவளோ இருக்கிறாளோ என்றுகூட மெர்வி சந்தேகப்பட்டாள்.

ஒரு சனிக்கிழமை சவுனாக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். அவன் துண்டை இழுப்பதற்குள் பார்த்துவிட்டாள். இடது தொடை சதை வற்றிக் கிடந்தது.

"எப்பலேருந்து?"

"இலையுதிர்காலத்துலேருந்தே மரத்துப் போகுது. பாரம் போட்டா மடங்கிடும்னுதான் பின்கால்லயே அடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அடப்பாவி! வாயைத் திறந்து சொல்லக்கூடாதா? நான் வேற முன்கால், முன்கால்னு..."

"நீ சொன்னது சரிதானே. அடி திரும்ப வந்துடுச்சே."

நாளைக்கு ஆட்டத்தில் இறங்காதே, டாக்டரிடம் போவோம் என்று அழுதாள். ஒரே ஒரு கோல், அப்புறம் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப்போ என்றான்.

மறுநாள் ஆட்டம் முடியும் தறுவாயில் வட்டு அவனிடம் வந்தது. "கையால அடி! கையாலயே அடி!" என்று மெர்வி தொண்டை கிழியக் கத்தினாள். அந்தக் கூச்சலில் யாருக்குக் கேட்கும்? இடுப்பைத் திருப்பி, மொத்த பாரத்தையும் முன்காலில் இறக்கி அடித்தான். வலை குலுங்கியது. கூட்டாளிகள் அவன்மேல் விழுந்து புரண்டுவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். யார்மோ எழவில்லை.

அவள் தடுப்பைத் தாண்டிப் பனியில் வழுக்கி விழுந்து அவனிடம் போய்ச் சேர்ந்தாள். அவன் முகமெல்லாம் சிரிப்பு. இடது கால் மட்டும் பனியில் அப்படியே கிடந்தது.

"சரியா அடிச்சேனா?"

"காலை அசை யார்மோ. இடது காலைக் கொஞ்சம் அசைச்சுக் காட்டு."

"அசைச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்," என்றான்.