உப்புக் கோடு

அலுவலகத்தில் அவருக்குப் பனிக்கணக்கர் என்று பெயர். நிமிர்ந்தால் வெயில், குனிந்தால் புழுதி. அப்படிப்பட்ட ஊரில் பனியைக் கணக்கெடுக்க ஒரு ஆள், அவருக்குச் சம்பளம் வேறு. ஆனால் தூரத்து மலைகளில் விழும் பனி உருகி வந்தால்தான் அணையில் தண்ணீர். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எவ்வளவு பனி கிடக்கிறது என்று அவர் சொல்வார். அதை வைத்துத்தான் கோடைப் பயிருக்குக் கால்வாய் திறப்பதா வேண்டாமா என்று முடிவாகும்.

போன வருடம் அவர் மானம் கப்பலேறியது. மலையடிவாரத்து உப்புப் படுகையையும் பனி என்று அவருடைய கணினி எண்ணிவிட்டது. நல்லவேளை, கூட்டத்திலேயே யாரோ கண்டுபிடித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதோடு விட்டார்களா? மனைவியின் அண்ணன் சாப்பிட வந்தால் போதும், குழம்பில் உப்புக் குறைந்தால் மாப்பிள்ளையைக் கேள், டன் கணக்கில் வைத்திருக்கிறார் என்பார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. படுகையைச் சுற்றி ஒரு கோடு இழுத்து, இதற்குள் எது வெள்ளையாக இருந்தாலும் உப்பு, சேர்க்காதே என்று கணினிக்குக் கட்டளை போட்டுவிட்டார்.

இந்த வருடம் படம் கையை விரித்தது. பனி போதாது. மதியம் கூட்டம், கால்வாய் மூடியே கிடக்கப்போகிறது. மச்சானோ தக்காளி நாற்று விட்டுத் தண்ணீருக்காகக் காத்திருந்தார். படத்தில் கொஞ்சம் வெள்ளையடித்தால் என்ன என்று போன வாரம் அவர் கேட்கப்போய், இருவருக்கும் முட்டிக்கொண்டு பேச்சே நின்றுபோனது. கிடைத்த விலைக்கு நாற்றைத் தள்ளிவிடலாம் என்று மலைக்கு அந்தப் பக்கம் வேனில் கிளம்பிவிட்டார்.

கூட்டத்தன்று காலையில் மச்சானே கூப்பிட்டார்.

"மாப்ள, வேன் பனியில மாட்டிக்கிச்சு. முழங்கால் வரைக்கும் கிடக்கு."

எங்கே என்றால், படுகைக்கு மேலே, கிழக்குச் சரிவில். பனிக்கணக்கர் கணினி எண்ணி முடித்த படத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றுமே இல்லை. மச்சான் புது வேலை காட்டுகிறார் என்று நினைத்தார்.

"அது உப்பு மச்சான்."

"உப்பு கைய விறைக்க வைக்குமா மாப்ள?"

போனை வைத்தபின் மனசு கேட்கவில்லை. போன வருடத்துக் கோட்டைத் திறந்து பார்த்தார். கோபத்தில் இழுத்த கோடு, படுகையோடு நிற்காமல் சரிவு முழுவதையும் வளைத்துப் போட்டிருந்தது. அந்தச் சரிவின் ஓடைகளெல்லாம் அணைக்குத்தான் வருகின்றன. கோட்டை எடுத்துவிட்டு, அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தைப் போட்டார். கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான், ஆனால் அந்த ஒளியில் உப்பு பளிச்சென்று நிற்கும், பனி கறுத்துப்போகும். படுகை பளபளத்தது. சரிவு கரிக்கட்டையாகக் கிடந்தது. அதையும் சேர்த்தால் கால்வாய்க்குப் பனி போதும். அவருக்கு விசிலடிக்கலாம் போல இருந்தது.

அடுத்த நிமிடமே இன்னொன்று உறைத்தது. கால்வாயோரத்தில் மச்சான் நிலம் இருப்பது ஊருக்கே தெரியும். கூட்டத்துக்குச் சற்று முன் திடீரென்று பனி முளைத்தால் யார் நம்புவார்கள்? சிரித்தால் சிரிக்கட்டும் என்று போனார். தன் கோடு, மச்சானின் வேன், இரண்டு படங்கள் என்று எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

தலைமைப் பொறியாளர் அம்மா படங்களை மாற்றி மாற்றி வெகுநேரம் பார்த்தார்.

"உங்க மச்சான் அங்க மாட்டலன்னா?"

"கால்வாய் மூடியே கிடந்திருக்கும்மா."

"சரி, திறந்துடலாம். இனிமே கோபமா இருக்கும்போது கோடு போடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார்.

சாயங்காலம், பனியிலிருந்து ஒருவழியாக மீண்டு, வாசலில் வேன் வந்து நின்றது. நாற்று அத்தனையும் பின்னால் பத்திரமாக இருந்தது. மச்சான் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். மாப்பிள்ளைக்குக் காட்டப் பனி அள்ளி வந்தாராம், வழியிலேயே உருகிவிட்டதாம். வாளியில் கலங்கலாகத் தண்ணீர் மட்டும் இருந்தது.

பனிக்கணக்கர் விரலை முக்கி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"கரிக்கல மச்சான்," என்றார். "உள்ள வாங்க, சாப்பிடலாம்."